நாளைக்குத் தொர வருது

முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடந்தது அப்போதுதான் சரியாக விளங்கும்.

சனிக்கிழமை மாலை. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் இருக்கும். அந்த வரிசைக்கு லயம் என்று பெயர். ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும் ஒற்றை அறைதான் காம்பரா. நம் கதை நடப்பது கடைசிக் காம்பராவில்.

அப்பா விஜிதரன் மீதமிருந்த ஒரே சீமெந்து மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா நிஷாந்தி வாசற்படியில் காலை நீட்டியிருந்தார். அவர் மடியில் குட்டித் தம்பி கிஷாந்த் படுத்திருந்தான். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அத்தை கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்திருந்தார். லோஜினி தன் புத்தகப் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். மற்ற இடமெல்லாம் மணல். நாற்காலி என்று வீட்டில் இருந்த ஒரே கதிரையில் ஜன்னல் சட்டம் உட்கார்ந்திருந்தது.

யாரும் பேசவில்லை. பேசுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அப்பா அட்டனில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். லீவு போட்டுவிட்டு வந்து, றோட்டில் இறக்கிய சீமெந்துக் கற்களை மேட்டு வழியாகத் தோளில் சுமந்து கொண்டுவந்திருந்தார். அம்மா பகலெல்லாம் கொழுந்து பறிப்பார். வீட்டுக்கு வந்ததும் கூடையை இறக்கிவிட்டு மணல் சுமப்பார். லோஜினி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தண்ணீர் சுமப்பாள். கிஷாந்த் மட்டும் எதையும் சுமக்கவில்லை. அவனால் மூச்சைச் சுமப்பதே கஷ்டமாக இருந்தது.

இத்தனை வேலையும் அவனுக்காகத்தான். அந்த வீட்டில் படுப்பதும் சமைப்பதும் ஒரே அறையில். அடுப்பில் தேயிலைக் குச்சியான மிளாறு எரியும்போது புகை போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றும். கிஷாந்துக்கு இருமல் வரும். இருமல் முற்றினால் இழுப்பு வரும். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அடுப்பை வெளியே வைக்க முடியாதா?

ஆகவே அப்பா வீட்டின் பின் சுவரை ஒரு கதவு அளவுக்கு உடைத்தார். சுனில் பாஸ் அதற்கு வெளியே ஒரு குட்டிச் சமையலறை கட்டத் தொடங்கினார். மேசன் வேலை செய்கிறவரை அங்கே எல்லோரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று பக்கமும் சுவர் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. இனிமேல் ஜன்னலும் கூரைத் தகரமும் கதவும்தான் பாக்கி. அடுப்பு வரும் இடத்தை அம்மா கரிக்கட்டியால் கோடு போட்டுக்கூட வைத்துவிட்டார்.

ஒன்றே ஒன்றைத்தான் அவர்கள் செய்யவில்லை. தோட்டத்து மேலாளரான துரையிடம் அனுமதி கேட்கவில்லை.

லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு சுவரைத் தொடுவதென்றாலும் துரையைக் கேட்க வேண்டும். ஆனால் யார் போய்க் கேட்பது? கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் யாருமே கேட்பதில்லை. கேட்காமல் கட்டிவிட்டு, துரையின் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் பயந்துகொண்டிருப்பார்கள். போன வருடம் கீழ் லயத்தில் ஒருவர் கேட்காமல் போட்ட கொட்டிலை ஆபீசிலிருந்து ஆள் வந்து பிரித்துப் போட்டார்கள்.

இப்படி எல்லோரும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோதுதான் அம்மாக்கண்ணு அத்தையின் கணவர் மூக்கன் மாமா மூச்சு வாங்க வந்து நின்றார். அவர் உட்காரவில்லை. பெரிய செய்தி வைத்திருப்பவர்கள் சாதாரணமாக உட்காருவதில்லை.

"நாளைக்குத் தொர வர்றாராம்" என்றார்.

அங்கே துரையைத் 'தொர' என்றுதான் சொல்வார்கள்.

அப்பா மூட்டையிலிருந்து எழுந்தார். யார் சொன்னது என்று கேட்டார். சுனில் பாஸ்தான் சொன்னார் என்றார் மாமா. பாஸ் மோட்டார் சைக்கிளில் போகும்போது வளைவில் மாமாவைப் பார்த்து, வண்டியை நிறுத்தாமலே சத்தம்போட்டுச் சொல்லிவிட்டுப் போனாராம். அதுவும் சிங்களத்தில். லயத்திலேயே தனக்குத்தான் சிங்களம் நன்றாகத் தெரியும் என்று மாமாவுக்கு ஒரு பெருமை உண்டு. பாஸும் அவரிடம் மட்டும் சிங்களத்திலேயே பேசுவார்.

பாஸ் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றியது. ஏனென்றால் துரையின் பங்களாவில் மதில் கட்டுவதும் அவர்தான்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே" என்றார் அம்மா மெதுவாக.

"அதான் சொல்றேன் புள்ள. ஞாயித்துக்கிழமையே வர்றாருன்னா விஷயம் பெருசு."

அப்பா மூலையில் கிடந்த அலவாங்கை எடுத்தார். நிலத்தைக் குத்தித் தோண்டுகிற கனமான இரும்புக் கம்பி அது. சாந்து இன்னும் நன்றாக இறுகவில்லை, இப்போதே பிரித்தால் கல்லாவது உடையாமல் மிஞ்சும் என்றார். சொல்லிக்கொண்டே பின்பக்கம் போனார். சுவருக்கு முன்னால் நின்று அலவாங்கைத் தூக்கினார். அது இடுப்பு வரைக்கும்தான் வந்தது. காலையிலிருந்து கல் சுமந்த தோள் அதற்கு மேல் வர மறுத்தது. அலவாங்கைக் கீழே ஊன்றி அதன் மேல் சாய்ந்துகொண்டார்.

"இடிக்கிறதுக்கும் தெம்பு வேணும் போல" என்றார்.

அம்மா கரிக்கட்டிக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோளில் கிஷாந்த் இருமினான்.

லோஜினி சுவரைப் பார்த்தாள். பிறகு அப்பா உடைத்த ஓட்டையைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு கணக்கு சரியாக வரவில்லை.

"அப்பா, புதுச் சுவரப் பிரிச்சிட்டா இந்த ஓட்டைய என்ன பண்றது?"

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"இது தோட்டத்துச் சுவரு. இதைத்தானே நாம உடைச்சிருக்கோம். ஏன் உடைச்சீங்கன்னு தொர கேப்பாரு. சமையலறை கட்டன்னு சொல்லலாம்னா, காட்டுறதுக்குச் சமையலறையே இருக்காதே."

ஓட்டை வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. பிறகு மூக்கன் மாமா, புள்ள சொல்வது சரிதான் என்று தலையை ஆட்டினார்.

அப்படியானால் என்ன செய்வது என்று அப்பா கேட்டார். லோஜினி வாசலைக் காட்டினாள். மணல் குவியல் பாதி வழியை அடைத்திருந்தது. குழைத்த மண் மழையில் கரைந்து கானுக்குள் இறங்கியிருந்தது. கான் என்றால் லயத்துக்கு முன்னால் ஓடும் தண்ணீர் வாய்க்கால். அது அடைபட்டு, அழுக்குத் தண்ணீர் அம்மாக்கண்ணு அத்தையின் வாசலில் தேங்கி நின்றது. அத்தை இத்தனை நாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கல்லைப் போட்டு, அதில் கால் வைத்துத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"நம்ம மண்ணு அத்தே வாசலுக்கு ஓடுது. தொர வந்தா முதல்ல அதைத்தான் பாப்பாரு. வராட்டியும் அது சரியில்லதானே."

"அதுக்கென்ன தங்கம், வேலை நடக்கிற வீடு" என்றார் அத்தை. ஆனால் வாளியிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சுவர் அப்படியே இருக்கட்டும், காலையில் வாசலைச் சரிசெய்வோம் என்று முடிவாயிற்று. அன்று இரவு எல்லோரும் படுத்தார்கள். எத்தனை பேர் தூங்கினார்கள் என்பது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மலை முழுவதும் பனிமூட்டம். அப்பா மண்வெட்டியோடு கானுக்குள் இறங்கினார். அம்மா மணலை அள்ளி வீட்டுப் பக்கமாக ஒதுக்கினார். லோஜினி கானிலிருந்து வந்த சேற்றை வாளியில் அள்ளிக்கொண்டுபோய்க் கறிவேப்பிலைக் கன்றுக்குப் பக்கத்தில் கொட்டினாள். அடைப்பு விட்டதும் அத்தை வாசலில் நின்ற தண்ணீர் சத்தம்போட்டுக்கொண்டு ஓடியது. அத்தை வெளியே வந்து பார்த்தார். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார்.

துரை வரும் செய்தி அதற்குள் லயம் முழுவதும் பரவிவிட்டது. அப்போதுதான் ஒரு வேடிக்கை தெரிந்தது. கேட்காமல் கட்டியது லோஜினியின் வீடு மட்டுமல்ல. ஒரு வீட்டின் கோழிக்கூடு கானுக்கு மேலேயே நின்றது. இன்னொரு வீட்டின் குளிக்கும் மறைப்பு பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கன் மாமா தன் விறகுக் கொட்டிலைச் செடிகளை வைத்து மறைக்கப் பார்த்தார். செடி சிறியது, கொட்டில் பெரியது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, யானைக்குக் கைக்குட்டை போர்த்துகிறீர்களா என்று கேட்டார்.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கோழிக்கூடு நகர்ந்தது. மறைப்பு உள்ளே போனது. அப்பா உடைத்த பழைய சுவரின் கற்களை லோஜினி ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தாள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகிற வழி எப்போதும் வழுக்கும். அந்த வழியில் கற்களைப் படிபோலப் பதித்தார்கள். பால்மா டின்களில் இருந்த டேலியாச் செடிகளை எடுத்து வரிசையாக வைத்தார்கள். லயம் அப்படி இருந்து யாரும் பார்த்ததில்லை. பார்ப்பதற்கும் யாருக்கும் நேரமில்லை. எல்லோருக்கும் இடுப்பு வலித்தது.

மூக்கன் மாமா விளக்குமாற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். கூட்டுகிறாரா தூங்குகிறாரா என்று அத்தை கேட்டதற்கு, இரண்டும்தான் என்றார்.

லோஜினி சேற்றுக் கையோடு நின்று, துரையிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'நாங்க உங்களைக் கேக்காமக் கட்டிட்டோம்' என்பதுதான் முதல் வரி. அந்த வரி ஒவ்வொரு முறையும் தொண்டையில் முள்போல நின்றது. அதை விழுங்கி விழுங்கிச் சொல்லிப் பார்த்ததில், மத்தியானத்துக்குள் கொஞ்சம் பழகிவிட்டது.

அப்போது கீழே வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது.

எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தார்கள். அத்தை புதுச் சேலையில் வந்தார். மாமா கோட்டுப் போட்டுக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அம்மா கிஷாந்தின் மூக்கைத் துடைத்துவிட்டார். அவர் கை நடுங்குவதை லோஜினி பார்த்தாள். பக்கத்தில் போய் நின்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்தது ஜீப் அல்ல, ஓர் ஆட்டோ. அதன் கூரையில் நீளமாக ஏதோ கயிற்றால் கட்டியிருந்தது. ஆட்டோவிலிருந்து சுனில் பாஸ் இறங்கினார். வரிசையாக நிற்கும் ஆட்களைப் பார்த்தார். புதுச் சேலையையும் கோட்டையும் பார்த்தார். யாருக்காவது கல்யாணமா என்று கேட்டார்.

மூக்கன் மாமா ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே வேறு யாரும் இல்லை.

"தொர எங்க பாஸ்?"

"இதா" என்று பாஸ் ஆட்டோவின் கூரையைத் தட்டினார். அங்கே கட்டியிருந்தது ஒரு மரக்கதவு.

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவும் தன் பாட்டுக்கு மழைத்துளி சொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் விளங்கிக்கொண்டவள் லோஜினி. அவள் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிறாள்.

"மாமா, பாஸ் நேத்து சரியா என்ன சொன்னாரு? சிங்களத்துல சொன்ன மாதிரியே சொல்லுங்க."

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "ஹெட்ட தொர எனவா."

"ஆமா, அதான் சொன்னது. ஹெட்ட தொர எனவா. நாளைக்குக் கதவு வருது" என்றார் பாஸ்.

சிங்களத்தில் 'தொர' என்றால் கதவு. துரையைச் சொல்வதென்றால் பாஸ் 'மஹத்தயா' என்றல்லவா சொல்லியிருப்பார்.

"கதவுக்கா நான் புதுச் சீலை கட்டினேன்?" என்றார் அத்தை. பிறகு கோட்டோடு நின்ற மாமாவைப் பார்த்தார். "மரியாதையாத்தான் வந்திருக்கீங்க. ஒரு கும்பிடு போட்டுட்டு எறக்குங்க."

சிரிப்பு ஒரு ஓரத்தில் தொடங்கி லயத்தின் அடுத்த ஓரம் வரைக்கும் போனது. பலமான சிரிப்பு இல்லை. யாருக்கும் அவ்வளவு தெம்பு இல்லை. சிரித்தபடியே அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். மாமாவும் கடைசியில் சிரித்தார். ஆனால் கோட்டைக் கழற்றவில்லை. போட்டது போட்டதுதான் என்றார்.

அப்பா கதவை இறக்கினார். அவர் முகம் தெளிந்துவிட்டது. நல்லவேளை, யாரும் வரவில்லை, இன்றைக்கே கதவை மாட்டிவிடலாம் என்றார்.

லோஜினிக்கு மட்டும் மனம் லேசாகவில்லை. தொண்டையில் அந்த முதல் வரி இன்னும் இருந்தது. சொல்வதற்குத் தயாராக்கிய வரி. கேட்பதற்குத்தான் ஆள் வரவில்லை.

"இன்னிக்குக் கதவு வந்திருச்சு. இன்னொரு நாளு நெசமாவே தொர வருவாருல்லப்பா?"

வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா.

"அன்னிக்கும் இப்படி அலவாங்கைத் தூக்குவீங்களா? அம்மாவுக்கு இன்னிக்கு முழுக்கக் கை நடுங்கிச்சு. நாமளே எழுதிக் கேப்போம்பா. கதவ மாட்டாம வைப்போம். பதில் வந்ததும் மாட்டுவோம்."

நாமே போய் மாட்டிக்கொள்வதா என்று அப்பா தயங்கினார். துரை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமே. மாமாவும் எழுத வேண்டாம் என்றார். ஒரு கடிதம் போனால் எல்லாக் கொட்டிலுக்கும் ஆபத்து என்றார்.

அதுவரை பேசாமலிருந்த அம்மா படியில் உட்கார்ந்தார்.

"பொகையிலயும் மூச்சு முட்டுது. பயத்துலயும் மூச்சு முட்டுது. ரெண்டுல ஒண்ணாச்சும் கொறையட்டும். அவ எழுதட்டும்."

அப்பா கதவைச் சுவரோரம் சாய்த்து வைத்தார், மாமா தலையை ஆட்டினார்.

ஜன்னல் சட்டத்தை இறக்கிவிட்டு லோஜினிக்குக் கதிரையைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடக் கொப்பியின் நடுவிலிருந்து ஒரு தாளைக் கழற்றினாள். துரை தமிழ் நன்றாகவே வாசிப்பார் என்று பாஸ் சொன்னார். மூக்கன் மாமா அவள் தோளுக்கு மேலே குனிந்தார். 'துரை'யின் முதல் எழுத்தைப் பார்த்து எழுதும்படியும், கதவுக்கு எழுதிய கடிதம்போல ஆகிவிடக்கூடாது என்றும் சொன்னார். லோஜினி 'மதிப்புக்குரிய துரை அவர்களுக்கு' என்று தெளிவாக எழுதினாள்.

முதல் வரி சுலபமாக வந்தது. 'நாங்கள் உங்களைக் கேட்காமல் பின் சுவரை உடைத்துச் சமையலறை கட்டிவிட்டோம். அது பிழை.' பிறகு புகையைப் பற்றி எழுதினாள். தம்பியின் இழுப்பைப் பற்றி எழுதினாள். கான் அடைபட்டதையும், அதைத் திறந்துவிட்டதையும் எழுதினாள். அப்பா, எங்களுக்கு வேறு கதியில்லை என்று எழுதச் சொன்னார். அத்தை, உங்கள் காலில் விழுகிறோம் என்று எழுதச் சொன்னார். லோஜினி இரண்டையும் எழுதவில்லை. 'நீங்கள் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை கதவு மாட்டமாட்டோம்' என்று எழுதி முடித்தாள்.

அப்பா பேனாவை வாங்கக் கையை நீட்டினார். லோஜினி தாளை அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"அம்மாதானே தோட்டத்துல பேர் பதிஞ்சவங்க. வீடு அவங்களுக்குத்தானே குடுத்தது."

அம்மா கையைச் சேலையில் துடைத்தார். கொழுந்துக் கறை படிந்த விரல்களால் பேனாவைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக 'வி. நிஷாந்தி' என்று எழுதினார். கடைசி எழுத்தின் சுழியை நன்றாகச் சுழித்தார்.

உறை கிடைத்தது, ஒட்டப் பசை இல்லை. அத்தை வீட்டிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை வந்தது. லோஜினி அதை மசித்துத் தடவி உறையை மூடினாள். அம்மா அதன் மேல் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்திவிட்டார். நாளைக்குப் பங்களா வேலைக்குப் போகும்போது கொண்டுபோவதாகச் சொல்லி, பாஸ் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். அதன் மேல் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஆட்டோ புறப்படும்போது அம்மா எழுந்தார். அவ்வளவு வலியோடும், புதிதாகப் பதித்த படிகளில் இறங்கி றோட்டு வரைக்கும் போனார்.

"பாஸ், ஆபீசுல குடுத்துடாதீங்க. தொர கையிலயே குடுங்க" என்றார். "கடைசிக் காம்பரா நிஷாந்தி குடுத்ததுன்னு சொல்லுங்க."